குழியின் கடைசி அத்தியாயம்

மண்ணைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை இப்போதெல்லாம் இரண்டாம் பத்தியோடு நிறுத்திவிடுகிறேன். அவற்றின் வார்ப்பு எனக்கு மனப்பாடம். முதலில் செம்மண்ணின் வாசம் வரும். அடுத்து ஆடு மேய்த்த ஒரு பாட்டி வருவார். பிறகு லாரிகள் வரும், ஊர் போகும். இவற்றில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இந்த ஒப்பாரி யாரிடமும் எதையும் கோருவதில்லை என்பதுதான் எனக்குள்ள சிக்கல். குவாரி எடுத்தவரே அதைப் படித்துவிட்டு மனம் கசியலாம்; மறுநாள் காலை அவருடைய பொக்லைன் வழக்கம்போல் இயங்கும்.

அவரைக் கட்டுப்படுத்தக்கூடிய பிரதி வேறொன்று. அதற்குச் சுரங்கத் திட்டம் என்று பெயர். (ஆள் உயரத்துக்குத் தோண்டப்படும் கிராவல் குழிக்குச் 'சுரங்கம்' என்ற சொல்லைச் சூட்டியவருக்கு வணக்கம்.) அந்தப் பிரதியில் நில அளவை எண், எல்லைகள், கனிமத்தின் கன அளவு, ஆண்டுவாரியான வெட்டு என எல்லாம் முடிந்தபின், பெரும்பாலும் கடைசியில், சில பத்திகளில் மறுசீரமைப்பு வரும். குழி தோண்டி முடிந்த பிறகு அந்த நிலம் என்னவாகும் என்பதற்கான ஒரே எழுத்துப்பூர்வமான வாக்குறுதி அதுதான். இலக்கியம் படித்த நாம் யாரும் அதைப் படிப்பதில்லை. கட்டுடைத்தல் என்ற சொல்லை இருபது ஆண்டுகள் செலவழித்த தலைமுறை நாம். கட்டுடைக்க வேண்டிய பிரதி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கிடக்கிறது.

நான் குவாரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் தங்கள் வீட்டுக்கு வரும் சாலையின் அடியில் என்ன கிடக்கிறது என்று பார்க்க வேண்டும். கிராவல் இல்லாமல் சாலை இல்லை, கட்டடத்துக்குத் தளமேடை இல்லை, வெள்ளம் புகும் தெருவை உயர்த்த வழியில்லை. தொலைவிலுள்ள பெருங்குவாரி ஒன்றைவிட, தேவைக்கு அருகில் அளவோடு தோண்டப்படும் சிறு குழி பலவகையிலும் மேலானது. என் சண்டை அந்தச் 'சிறு' என்ற அடைமொழியோடும், 'விரிவாக்கம்' என்ற சொல்லோடும், 'மறுசீரமைப்பு' என்ற சொல்லோடும்தான்.

முதலில் 'சிறு'. 2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிகளைக் கண்டுகொள்ளவில்லை. சிறியது தீங்கு செய்யாது என்ற எண்ணம். விளைவை ஊகிக்கத் தொல்காப்பியப் பயிற்சி தேவையில்லை. 2011இல் ஹரியானா அரசு பாறை, சரளை, மணல் குவாரிகளை ஏலத்துக்கு விட்டபோது ஒவ்வொன்றும் 4.50 ஹெக்டேருக்கு மிகாமல் இருக்குமாறு அறிவித்தது. தீபக் குமார் என்பவர் தொடுத்த வழக்கில் 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும், அதன் புதுப்பித்தலுக்கும், சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று ஆணையிட்டது. சிறு குழிகள் பல சேர்ந்தால் அவற்றின் கூட்டு விளைவு என்ன என்ற கேள்வி அப்போதுதான் சட்டத்துக்குள் ஒழுங்காக நுழைந்தது. 2016 ஜனவரி 15 அறிவிக்கை, ஒரே வகைக் கனிமப் பகுதியில் 500 மீட்டருக்குள் அமைந்த குத்தகைகளை ஒரு தொகுப்பாகக் கொள்ளச் சொன்னது. அதே கையோடு சிறு குவாரிகளுக்கான அனுமதியை மாவட்ட அளவிலான ஆணையங்களிடம் ஒப்படைத்தது. அந்த ஏற்பாட்டின் தளர்வுகளை 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கண்டித்தது. பிறகு 2020 மார்ச்சில், நாடு ஊரடங்கில் இருந்த வேளையில், சாலை, குழாய் முதலிய நீள்திட்டங்களுக்காகச் சாதாரண மண் எடுக்க அனுமதியே வேண்டாம் என்றொரு விலக்கு வந்தது. நான்கு ஆண்டுகள் நடைமுறையில் இருந்தபின் 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. அந்த நான்கு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மண் திரும்பி வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரலாற்றை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உண்டு. 'சிறு' என்பது நிலத்தின் இயல்பைக் குறிக்கும் சொல்லாகவே அங்கு இருந்ததில்லை. அது ஒரு கோட்டுக்குக் கீழே நிற்பதன் பெயர். நில அளவை எண்ணில் சிறியது, அடுத்த நில அளவை எண்ணையும் சேர்த்தால் என்ன என்பதே விரிவாக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 ஹெக்டேர் பரப்பு, 2 மீட்டர் ஆழம். ஓரத்துச் சரிவுகளை மறந்துவிட்டால் 40,000 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே ஏறத்தாழ 14,000 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏற்றினால் 4,700 நடைக்குமேல். ஆண்டுக்கு 300 நாள் என்றால் ஒரே ஆண்டில் முடிக்க நாளொன்றுக்குப் பதினைந்து, பதினாறு நடை போதும். ஒரு கிராமத்துச் சாலையில் பதினாறு முறை போய் பதினாறு முறை வரும் டிப்பர். இதுதான் 'சிறு'. அதை 4.5 ஹெக்டேராக விரிக்கும்போது எண்ணிக்கை இரு மடங்குக்கு மேல் ஆகிறது. சுரங்கத் திட்டத்தின் மறுசீரமைப்புப் பத்தியோ, நான் பார்த்தவரையில், அதே நீளத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பத்தி என்ன சொல்கிறது? என் மாணவர்களின் ஊர்களிலிருந்து வந்த சில திட்டச் சுருக்கங்களை வாசித்திருக்கிறேன். கிராவல் முழுவதும் விற்பனைக்குரியது, கழிவு ஏதும் இல்லை, எனவே குழியை நிரப்பப் பொருள் இல்லை. குழி மழைநீர் சேகரிக்கும் குட்டையாகப் பயன்படும். சுற்றிலும் முள்கம்பி வேலி. பக்கத்துப் பட்டாவுக்கு விடவேண்டிய ஏழரை மீட்டர் பாதுகாப்பு இடைவெளியில் வேம்பும் புங்கமும் நடப்படும். முற்றிற்று. பெயர்களை மாற்றினால் எந்த மாவட்டத்துக்கும் பொருந்தும். மாணவர்கள் தேர்வில் ஒரே உரைநூலைப் பார்த்து எழுதினால் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும். அதே மணம் இங்கும் அடிக்கிறது.

இந்த வாக்கியங்களின் அடியில் ஓர் எண்ணம் உறைந்திருக்கிறது. எடுப்பதற்கு முன் அந்த நிலம் ஒன்றுமில்லாதது, ஆகவே எடுத்தபின் எதுவாக இருந்தாலும் அது ஆதாயமே என்பதுதான் அது. வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு', 'தீர்வை ஏற்படாத தரிசு' என்று இரு வகை உண்டு. வரி வாங்கும் கண்ணுக்கு நிலம் எப்படித் தெரிந்தது என்பதன் பதிவு அது. நிலத்தைப் பற்றிய உண்மையாக அதை எடுத்துக்கொள்ள நம்மைப் பழக்கியது யார்? சங்கப் பாடல்களைப் பாடம் சொல்லும் எவருக்கும் 'முரம்பு' என்ற சொல் தெரியும்: பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலம். 'பரல்' அந்தக் கல். கண்ணகியின் சிலம்புக்குள் கிடந்ததற்கும் வழிப்போக்கனின் பாதத்தில் உறுத்தியதற்கும் ஒரே பெயர். கிராவல் நிலத்துக்குத் தனிச்சொல் வைத்திருந்த ஒரு மொழி, இரண்டாயிரம் ஆண்டு கழித்து அதைத் தரிசு என்று எழுதுகிறது. காரை, சூரை, ஆவாரை, விராலி, களா வளரும் இடம், கௌதாரியும் ஆட்காட்டியும் முட்டையிடும் இடம், ஆடு மேயும் இடம் இத்தனையும் அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகின்றன. மரம் இல்லாத நிலம் குறைபாடுள்ள நிலம் என்ற நம்பிக்கையிலிருந்துதான் வேம்பும் புங்கமும் வருகின்றன.

அடுத்தது, மண்ணுக்குள் இருப்பது. இதைச் சொல்லும்போது எனக்குப் படபடப்பு வந்துவிடும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு ஒரு சிறு கிராவல் குழியில்தான் தொடங்கியது. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் இராணுவக் குடியிருப்பின் அருகே, ஒரு சிறிய சரளைக் குழியிலிருந்து வெளியே எறியப்பட்டிருந்த கற்களுக்கிடையே, மனிதக் கையால் செதுக்கப்பட்ட ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். 1866இல் அவர் எழுதிய கட்டுரை சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் வெளியானது. ஆம், அக்காலத்தில் இலக்கியமும் இதுவும் ஒரே இதழில் அடங்கின. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் நடத்திய அகழாய்வின் பயனாக 2011இல் அங்குள்ள பழைய கருவிகளுக்குச் சராசரியாக 15 இலட்சம் ஆண்டு வயது கணிக்கப்பட்டது. 2018இல் வெளியான முடிவுகள், இடைப் பழைய கற்காலப் பண்பாடு இங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டதைக் காட்டின. சென்னையைச் சுற்றியுள்ள செம்பூரான் சரளைப் படுகைகளில் இத்தகைய கருவிகள் கிடைப்பது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த செய்தி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஃபூட்டின் கைக்கு அந்தக் கல் வந்ததே குழி தோண்டப்பட்டதால்தான். ஆகவே குழி எதிரியல்ல. ஆனால் அது கடப்பாரையும் மண்வெட்டியும் தோண்டிய குழி. வேண்டாத கல்லை யாரோ ஒருவர் கையால் எடுத்து ஓரமாக வீசினார். அந்த வழியே நடந்து சென்ற ஒருவர் குனிந்து பார்த்தார். பொக்லைனின் வாளி கல்லைப் பிரித்து வீசுவதில்லை. பருக்கையும் கைக்கோடரியும் ஒன்றாக டிப்பருக்குள் விழுந்து, ஒன்றாகச் சாலைக்கடியில் போய், ஒன்றாக உருளைக்கடியில் நசுங்கும். நெடுஞ்சாலைகளின் அடியில் எத்தனை இலட்சம் ஆண்டுகள் கிடக்கின்றனவோ. நான் வாசித்த திட்டச் சுருக்கங்கள் எதிலும், மேல்மண்ணை அகற்றுமுன் தொல்லியல் பயிற்சி பெற்ற ஒருவர் அந்த நிலத்தில் ஒரு நாள் நடந்து பார்ப்பார் என்ற ஒரு வரி இல்லை. ஒரு நாள் நடைக்கு எவ்வளவு செலவாகிவிடும்? பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து இத்தனை மீட்டர் தொலைவு என்ற பத்தி இருக்கும். ஏற்கெனவே கண்டெடுத்து வேலி போட்டதற்குத்தான் அந்தப் பத்தி காவல். இனி கண்டெடுக்கப்பட வேண்டியதற்கு நாதியில்லை.

இனி அந்த மழைநீர்க் குட்டை. ஏமாற்று என்றே இதைச் சொல்வேன். இதை ஆதரிப்பவர்கள் உடனே சிக்கராயபுரத்தைக் காட்டுவார்கள். மாங்காட்டுக்கு அருகே கைவிடப்பட்ட கல்குவாரிகளில் தேங்கிய நீர் 2017 வறட்சியிலும் 2019 வறட்சியிலும் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது உண்மை. ஆனால் அவை கடினப் பாறையில் மிக ஆழமாக வெட்டப்பட்ட குவாரிகள். இரண்டு மீட்டர் கிராவல் குழிக்கும் அதற்கும் என்ன உறவு? தமிழகச் சமவெளியில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல் ஆவியாகிப் போகிறது. அகன்று ஆழமில்லாத குழியில் நிற்கும் நீர், வெயில் குடிப்பதற்காகப் பரப்பிவைத்த நீர். மேலும், கிராவல் மேடு சும்மா கிடந்தபோதே நீர்வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பெய்த மழையில் ஒரு பங்கை உறிஞ்சி மெல்லக் கீழே விட்டது. மிஞ்சியதை ஓடையில் தள்ளித் தாழ்வில் இருக்கும் ஏரிக்கு அனுப்பியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் வட்டாரத்து ஏரிகளின் நீர்வரத்துப் பரப்பில் இத்தகைய மேடுகளுக்குப் பங்கு உண்டு. மேட்டில் நாலரை ஹெக்டேர் குழி விழுந்தால், ஏரிக்குப் போக வேண்டிய நீர் குழியில் நிற்கும். ஏரி பாசனம் தரும், குழி தராது. ஏரிக்குக் கரை உண்டு, மதகு உண்டு, நீர்ப்பங்கீட்டு மரபு உண்டு. குழிக்குச் செங்குத்தான சுவர் மட்டுமே உண்டு. அடியில் களிமண், மேலே கலங்கிய நீர், ஆழம் தெரியாது. கோடை விடுமுறையில் கைவிடப்பட்ட குவாரியில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரியாக வருகிறது. முள்கம்பி வேலியின் ஆயுள் எவ்வளவு என்பது எந்தக் கிராமத்தானுக்கும் தெரியும்.

சரி, எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். தமிழ் வாத்தியாருக்கு இது தெரியுமா என்றும் கேட்பார்கள். தெரிந்துகொள்வது அப்படியொன்றும் கடினமில்லை. இரண்டு ஹெக்டேரை ஒரே மூச்சில் பறிக்காமல், அரை அரை ஹெக்டேராக நான்கு பட்டைகளாகப் பிரிக்கலாம். முதல் பட்டையில் வெட்டு முடிந்ததும், இரண்டாம் பட்டையின் மேல்மண்ணை வழித்து நேரே முதல் பட்டையில் பரப்பலாம். மேல்மண் உயிருள்ளது, விதை, வேர், நுண்ணுயிர் எல்லாம் அதில்தான். உயரமான குவியலாக ஆண்டுக்கணக்கில் போட்டுவைத்தால் அது செத்த மண்ணாகிவிடும். கைமாற்றாகப் பரப்பினால் அந்த நிலத்தின் செடிகளே அங்கு மீண்டும் முளைக்க வாய்ப்புண்டு. நாற்றங்கால் வேம்புக்கு அவசியமே இல்லை. கிராவலை அடிவரை சுரண்டாமல், களிமண்ணுக்கு மேல் ஒரு படலத்தையாவது விட்டுவைக்க வேண்டும். நீர் இறங்க அது வேண்டும். ஓரங்களை மூன்றுக்கு ஒன்று என்ற சரிவில் சீவிவிட்டால் ஆடு இறங்கி ஏறும், விழுந்த பிள்ளையும் ஏறிவிடும். ஓடையின் போக்கு மாறாதபடி குழியின் வாய் ஏரிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். ஆளுயரத்தில் சிறு செங்குத்துச் சுவர் ஒன்றை மட்டும் ஒரு மூலையில் விடலாம்: பஞ்சுருட்டான்கள் அத்தகைய மண்சுவரில்தான் வளை குடைந்து முட்டையிடும். குவாரி தந்த ஒரே நன்மையை எதற்கு மூடுவானேன்.

இது கற்பனை என்பவர்களுக்கு: இங்கிலாந்தின் செவனோக்ஸில் 1956இல் ஜெஃப்ரி ஹாரிசன் என்ற மருத்துவர் ஒரு சரளைக் குழியை நீர்ப்பறவைகளுக்கான புகலிடமாக மாற்றத் தொடங்கினார், அது இன்றும் இருக்கிறது. அங்கே நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் குழிகள் ஏரிகளாகின்றன. அதை அப்படியே இங்கு நகலெடுக்க முடியாது. நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு குருகிராம். அங்கு சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட 380 ஏக்கர் போல, 2010 முதல் குடிமக்கள் முயற்சியால் ஆரவல்லியின் சொந்தச் செடிகொடிகளைக் கொண்டு மீட்கப்பட்டது. ஆரவல்லியில் எது வளருமோ அதைத் தேடி நட்டார்கள். அலங்கார மரம் நடவில்லை.

சட்டமும் வெறுங்கையோடு நிற்கவில்லை. 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம், சுரங்கம் தோண்டிய நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் உயிரினங்களும் தழைக்கும் நிலைக்குக் கொண்டுவருவதைக் குத்தகையின் நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. புல்! மேய்ச்சல் நிலம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை நீதிமன்றம் கண்டுகொண்டது. பெருங்கனிமங்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளில், சுரங்கத்தை மூடும் பணிக்காக முன்கூட்டியே நிதி உத்தரவாதம் கட்ட வேண்டும். அந்த விதிகள் சிறுகனிமங்களுக்குப் பொருந்துவதில்லை. ஏன் பொருந்தக் கூடாது? இரும்புத்தாது எடுத்தவன் தன் குழிக்கு முன்பணம் கட்ட வேண்டும், கிராவல் எடுத்தவன் வேம்பு நட்டதாக ஒரு புகைப்படம் கொடுத்தால் போதும் என்பது என்ன நீதி? லாபம் சிறிது என்பார்கள். அப்படியானால் பட்டை பட்டையாக வெட்டட்டும். உத்தரவாதமும் பட்டைக்கு ஏற்பச் சிறிதாகவே இருக்கும்.

விரிவாக்கம் கேட்டு வருபவரிடம்தான் நம் பிடி இருக்கிறது என்பது என் எண்ணம். புதிதாக வருபவரிடம் வாக்குறுதியை மட்டுமே வாங்கலாம். ஏற்கெனவே தோண்டியவரிடமோ சாட்சியைக் கேட்கலாம். முதல் குத்தகையின் மறுசீரமைப்புப் பத்தியில் என்ன எழுதினீர்கள், அது எங்கே, நடந்து பார்க்கலாமா? பழைய குழி சரிவு சீவப்பட்டு, மேல்மண் பரப்பப்பட்டு, ஒரு வடகிழக்குப் பருவமழையையாவது தாங்கி நின்றபிறகே அடுத்த நில அளவை எண்ணுக்கு அனுமதி என்று ஒரே ஒரு நிபந்தனை போதும். குழியைத் திறந்தே விட்டுவிட்டு அடுத்ததுக்கு நகரும் வழக்கம் முடிவுக்கு வரும். இதற்குப் புதிய சட்டம்கூட வேண்டாம். அனுமதி தரும் ஆணையம் தன் நிபந்தனைகளில் எழுதினால் ஆயிற்று. எழுதவைக்க யாராவது கேட்க வேண்டும்.

கேட்கும் இடமும் உண்டு. விரிவாக்கத்தால் ஒரு தொகுப்பின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே 30 நாளாவது இருக்க வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழில் தரப்பட வேண்டும். ஊரில் இல்லாதவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலம் கருத்து அனுப்பலாம். நம்மில் கல்லூரியில் பாடம் சொல்பவர்கள் இருக்கிறோம், மாணவர்கள் அத்தகைய ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். நிலமும் திணையும் பற்றிய ஒப்படைப்புக் கட்டுரைக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே ஐந்து தலைப்புகளைக் கொடுத்து, அதே மேற்கோள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இந்தப் பருவத்தில் ஒரு மாணவராவது தன் ஊர்க் குவாரியின் தமிழ்ச் சுருக்கத்தை வாங்கிவந்து, அதன் மறுசீரமைப்புப் பத்தியை வாக்கியம் வாக்கியமாக, ஒரு செய்யுளுக்கு உரை எழுதுவதுபோல எழுதட்டும். எழுவாய் யார், பயனிலை என்ன, எந்த வினை செயப்பாட்டுவினையில் ஒளிந்திருக்கிறது என்று பிரிக்கட்டும். 'மரக்கன்றுகள் நடப்படும்' என்ற வாக்கியத்தில் நடுபவர் யார் என்று கேட்டு, அந்தக் கேள்வியை மட்டும் ஒரு தாளில் எழுதி வாரியத்துக்கு அனுப்பட்டும். மதிப்பெண் நான் போடுகிறேன்.